கற்பனை ராஜ்ஜியத்தில் குடுமி யார் கையில்? சாசன முடியாட்சி அமைக்க ஒரு வழிகாட்டி

நாவலுக்கோ விளையாட்டுக்கோ ஒரு ராஜ்ஜியத்தை உருவாக்குகிறீர்கள். அரசர் உண்டு, நாடாளுமன்றமும் உண்டு, இரண்டையும் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டமான சாசனமும் உண்டு. அரியணை, கொடி, நாணயத்தில் யார் முகம் என்பதெல்லாம் ஒரே மாலையில் முடிவாகிவிடும். அப்புறம்தான் சிக்கல். பிரதமர் போர் வேண்டும் என்கிறார், அரசர் வேண்டாம் என்கிறார். யார் சொல் எடுபடும்?

இந்த இடத்தில் புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒன்று, அரசர் வெறும் பொம்மை. ரிப்பன் வெட்டுவதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. இல்லையென்றால் சாசனம் பேருக்கு ஒரு காகிதம். அரசர் நினைத்தால் நடுராத்திரியில் கிழித்துப் போட்டுவிடலாம். இரண்டிலுமே இழுபறிக்கு இடமில்லை. இழுபறி இல்லாத அரசியலை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

சாசனத்தை முதல் பிரிவிலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்: அரசர் "மாட்டேன்" என்று சொன்னால், மறுநாள் காலையில் என்ன நடக்கும்? ஓர் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று தெரிய வேண்டும். சமநிலை அந்த நஷ்டக் கணக்கில்தான் இருக்கிறது. கீழே வரும் எல்லாப் படிகளும் அதைச் சுற்றியே.

உதாரணத்துக்கு ஒரு ராஜ்ஜியத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய துறைமுகம், அங்கே பணக்கார வணிகர்கள். மலைப்பக்கம் சில பழைய பிரபுக் குடும்பங்கள். அரியணையில் ஓர் அரசி. பெயர்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கடிவாளம் போட்டது யார் என்று முடிவு செய்யுங்கள்

எந்த அரச வம்சமும் சும்மா இருக்கும்போது அதிகாரத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. யாரோ மடக்கியிருக்க வேண்டும். யார் மடக்கினார்களோ, அவர்களுடைய பயம்தான் சாசனத்தின் வரிகளாக மாறும்.

இங்கிலாந்தில் 1215-ல் ஜான் மன்னரை ரன்னிமீடில் பிரபுக்கள் மடக்கி, மேக்னா கார்ட்டா என்ற சாசனத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள். அந்தச் சாசனத்தின் 61-வது பிரிவு 25 பிரபுக்கள் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. அரசர் வாக்குத் தவறினால் அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் அந்தக் குழு கைப்பற்றலாம். சட்டத்துக்குள்ளேயே கலகத்துக்கு அனுமதி! சில மாதங்களில் ஏற்பாடு உடைந்து போர் மூண்டது. 1689-ல் வேறு மாதிரி யோசித்தார்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அரசர் சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது, வரி போடக் கூடாது, அமைதிக் காலத்தில் நிரந்தரப் படை வைத்திருக்கக் கூடாது. வாளைக் காட்டி மிரட்டிய ஏற்பாடு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பணத்தைப் பிடித்துக்கொண்ட ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது.

ஜப்பானின் 1947 சாசனம் தோல்விக்குப் பிறகு, ஆக்கிரமிப்புப் படையின் கண்முன்னே எழுதப்பட்டது. அதனால் பேரரசருக்கு ஆட்சி தொடர்பான அதிகாரம் எதுவுமே கிடையாது என்று 4-வது பிரிவு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. பூட்டான் இதற்கெல்லாம் விதிவிலக்கு. அங்கே அரசரே முன்னின்று மக்களைச் சம்மதிக்க வைத்து 2008-ல் சாசனத்தைக் கொண்டுவந்தார்கள். இப்படி மேலிருந்து கீழே வந்த சாசனத்தில் அரசருக்கு மரியாதையும் செல்வாக்கும் அதிகம் மிஞ்சும்.

நம் ராஜ்ஜியத்தில் என்ன நடந்திருக்கலாம்? அரசியின் தாத்தா ஒரு நீண்ட போரில் கடனாளி ஆனார். துறைமுக வணிகர்கள் கடன் கொடுத்தார்கள், பதிலுக்குச் சாசனம் கேட்டார்கள். ஆக, பணம் பற்றிய பிரிவுகள் ஊசி நுழைய முடியாத அளவுக்கு இறுக்கமாக இருக்கும். படை பற்றிய பிரிவுகள்? வணிகர்கள் அதில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. இந்தத் தளர்வைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், 7-வது படியில் வேண்டியிருக்கும்.

படி 2: மூன்று பத்திக் கணக்கு

ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள். பிரதமர் நியமனம், நாடாளுமன்றக் கலைப்பு, மசோதாவுக்கு ஒப்புதல், போர்ப் பிரகடனம், ஒப்பந்தம், தளபதி நியமனம், நீதிபதி நியமனம், தண்டனைக் குறைப்பு, பட்டங்கள் என்று அதிகாரங்களை இடப்பக்கம் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும், சாசனம் யார் பெயரைச் சொல்கிறது என்பது முதல் பத்தியில். உண்மையில் முடிவெடுப்பவர் யார் என்பது இரண்டாவதில். அவர் மறுத்தால் என்ன ஆகும் என்பது மூன்றாவதில்.

முதல் பத்தி முழுக்க "அரசி, அரசி, அரசி" என்று வந்தால் கவலைப்பட வேண்டாம். பல நிஜ சாசனங்களைப் படித்தால் அரசர் ஏதோ சர்வாதிகாரி மாதிரிதான் தெரியும். வேலை செய்வது இரண்டாவது பத்தி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இயந்திரத்துக்குப் பெயர் இணைக் கையொப்பம். ஸ்பெயினின் 1978 சாசனத்தில் 64-வது பிரிவைப் பாருங்கள்: அரசர் செய்வதற்கெல்லாம் பிரதமரோ உரிய அமைச்சரோ கூடவே கையொப்பமிட வேண்டும், கையொப்பமிட்டவரே அதற்குப் பொறுப்பு. அரசரை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, ஏனென்றால் அவர் தனியாக எதையும் செய்யவே முடியாது. அந்தப் பாதுகாப்புக்கு அவர் கொடுக்கும் விலை அது. இதை விட்டுவிட்டு "அரசர் சட்டத்துக்கு மேலானவர்" என்று மட்டும் எழுதினால் கதையில் ஒரு பெரிய ஓட்டை விழும்.

மூன்றாவது பத்தியில் நிரப்பத் தெரியாமல் காலியாக விடும் கட்டங்கள் வரும். அவற்றைச் சிவப்பில் வட்டமிடுங்கள். உங்கள் கதை அங்கேதான் நடக்கப்போகிறது. ஆனால் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாமே காலி என்றால் அந்த நாட்டில் ஒரு வருடம்கூட ஆட்சி நடந்திருக்காது, வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

படி 3: கையெழுத்து மறுப்புக்கு விலை வையுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிரிட்டனில் ஒரு மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுத்தது ஆன் அரசி. 1708-ல், ஸ்காட்லாந்துக் குடிப்படை பற்றிய மசோதா. அதுவும் அமைச்சர்களின் ஆலோசனைப்படிதான். அதற்குப் பிறகு அந்த அதிகாரத்தை யாரும் ரத்து செய்யவில்லை, யாரும் தொடவும் இல்லை. இது ஒரு மாதிரி.

மலேசியாவில் கணக்கு நேரடியானது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா மாமன்னரிடம், அதாவது நாட்டின் அரசரிடம், போனால் 30 நாள் அவகாசம். அதற்குள் ஒப்புதல் வராவிட்டாலும் அது சட்டமாகிவிடும். லீக்டன்ஸ்டைன் நேர் எதிர். அங்கே நாட்டை ஆளும் இளவரசருக்கு உண்மையான மறுப்புரிமை இருக்கிறது. 2012-ல் அதைக் குறைக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, வாக்களித்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் குறைக்க வேண்டாம் என்றார்கள். ஆனால் அதே சாசனம், முடியாட்சியே வேண்டாம் என்று தீர்மானிக்கும் வழியையும் மக்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. பிடி இரண்டு பக்கமும் இருக்கிறது. சமநிலை என்றால் அதிகாரம் குறைவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதற்கு இந்தச் சின்ன நாடு நல்ல உதாரணம்.

இனி மறுத்தவர்களின் கதை. 2008-ல் லக்ஸம்பர்க்கின் ஆட்சியாளர் ஆன்ரி, கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மனசாட்சி இடம் தரவில்லை என்றார். நாடாளுமன்றம் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவருடைய ஒப்புதலே தேவையில்லை என்று சாசனத்தைத் திருத்திவிட்டது. மனசாட்சி காப்பாற்றப்பட்டது, அதிகாரம் போயே போய்விட்டது.

பெல்ஜியத்தில் 1990-ல் நடந்தது இன்னும் விசித்திரம். கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட முடியாது என்று போதுவான் மன்னர் பிரதமர் வில்ஃப்ரீட் மார்ட்டென்ஸுக்குக் கடிதம் எழுதினார். சட்டத்தைத் தடுப்பது தன் நோக்கமில்லை, தன் கை அதில் படக் கூடாது, அவ்வளவுதான். சாசனத்தில் அரசர் ஆட்சி செய்ய இயலாத நிலைக்கென்று ஒரு பிரிவு இருந்தது. நோய், மனநிலைப் பாதிப்பு மாதிரியான நிலைமைகளை நினைத்து எழுதிய பிரிவு. அமைச்சரவை அதைத் தூசு தட்டி எடுத்து, ஏப்ரல் 4-ம் தேதி அரசர் ஆட்சி செய்ய இயலாதவர் என்று அறிவித்தது. அமைச்சர்கள் எல்லோரும் சேர்ந்து சட்டத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி, அவர் மீண்டும் ஆட்சி செய்யலாம் என்று வாக்களித்தன. சாசனத்தில் கிடந்த ஒரு பழைய பிரிவை இப்படி வளைத்து எடுப்பதுதான் கற்பனை ராஜ்ஜியத்தை நம்பவைக்கும். உங்கள் சாசனத்திலும் வேறு எதற்கோ எழுதிய பிரிவு ஒன்று தூங்கட்டும்.

சரி, நம் அரசிக்கு எந்த அளவு கொடுக்கலாம்? நான் இப்படி வைப்பேன். மசோதா வந்து 30 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். ஒரே ஒரு முறை, காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பினால் அவை மறுபடி வாக்களிக்க வேண்டும், இந்தத் தடவை ஒவ்வொரு உறுப்பினரும் எழுந்து நின்று பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். மறுபடி நிறைவேறினால் கையெழுத்தே தேவையில்லை.

கேட்க ஒன்றுமில்லாத அதிகாரம் மாதிரி இருக்கிறது. ஓட்டிப் பார்ப்போம். துறைமுகத்தை ஒரு அந்நியக் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடும் மசோதா, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி அரண்மனைக்கு வருகிறது. 12-வது நாள், அரண்மனைச் செயலர் பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு வரியில் கடிதம் எழுதுகிறார்: குத்தகையின் இணைப்புப் பட்டியல் கோப்பில் இல்லை, அனுப்பிவைக்க முடியுமா? 20-வது நாள் வழக்கமான சந்திப்பில் அரசி பிரதமரிடம் ஒரே கேள்வி கேட்கிறார்: கப்பல்களைச் சோதனை போடும் உரிமை இனி யாருடையது? பிரதமர் பேச்சை மாற்றுகிறார். 29-வது நாள் மசோதா திரும்பிப் போகிறது. இப்போது மலைப்பக்கத்து உறுப்பினர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். கூச்சலோடு கூச்சலாக "ஆம்" சொன்னவர்கள் இனி தனியாக எழுந்து நின்று, தங்கள் பெயரோடு சொல்ல வேண்டும். ஊரில் போய் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அரசிக்கு என்ன நஷ்டம்? மசோதா மறுபடியும் நிறைவேறினால் நாடே பார்க்க அவர் தோற்றிருப்பார். அரண்மனை மானியம் பற்றிய விவாதம் அடுத்த மாதமே வருகிறது, அதை ஆரம்பித்துவைப்பவர் அதே பிரதமர். ஆக இந்த ஆயுதத்தை ஒரு ஆட்சிக்காலத்தில் இரண்டு தடவைக்கு மேல் எடுக்க முடியாது. விலை வைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

படி 4: யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாள்

ஒரு கட்சி தெளிவாக ஜெயித்தால் அரசருக்கு வேலை இல்லை. ஜெயித்தவரைக் கூப்பிட்டு நியமிக்க வேண்டியதுதான். தொங்கு நாடாளுமன்றம் வந்தால்தான் அரண்மனையில் விளக்கு அணையாது.

மலேசியாவில் 2022 நவம்பர் 19-ல் தேர்தல். 222 இடங்களில் பெரும்பான்மைக்கு 112 வேண்டும், எந்தக் கூட்டணிக்கும் அது கிடைக்கவில்லை. மாமன்னர் கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசினார், மற்ற மாநில ஆட்சியாளர்களோடு கலந்தார், 24-ம் தேதி அன்வார் இப்ராகிம் பிரதமராகப் பதவியேற்றார். சாசனப்படி அரசர் செய்தது, அவையின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறது என்று கணித்தது மட்டுமே. ஆனால் அந்த ஐந்து நாளும் நாட்டின் கண் முழுக்க அரண்மனை வாசலில்தான் இருந்தது.

இந்த வாய்ப்பே வேண்டாம் என்று நினைத்த நாடுகளும் உண்டு. ஸ்வீடன் 1974 சாசனத்தில் பிரதமர் வேட்பாளரை முன்மொழியும் வேலையைச் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டது. நெதர்லாந்து 2012-ல் அரசு அமைக்கும் பேச்சுவார்த்தையை அரண்மனையிலிருந்து கீழவைக்கு மாற்றியது. மொராக்கோவின் 2011 சாசனம் அரசருக்கு ஏராளமான அதிகாரத்தை விட்டுவைத்தாலும், பிரதமரை அதிக இடம் பெற்ற கட்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை மூன்று. அரசி முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டவர் எத்தனை நாளுக்குள் அவையில் பெரும்பான்மையைக் காட்ட வேண்டும்? அதுவரை நாட்டை நடத்துவது யார்? கடைசிக் கேள்வியை எல்லோரும் மறக்கிறார்கள். பெல்ஜியம் 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் புது அரசு இல்லாமல் இருந்தது. பழைய அமைச்சரவை இடைக்கால அரசாகத் தொடர்ந்ததால் சம்பளமும் ரயிலும் நிற்கவில்லை.

படி 5: பதவிநீக்கமும் கலைப்பும்

பிரதமரைத் தூக்கும் அதிகாரத்தை அரசருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11 அன்று என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

மேலவை வாரக்கணக்கில் அரசின் செலவு மசோதாக்களை நிறுத்திவைத்திருந்தது. பிரதமர் கஃப் விட்லம், மேலவையின் பாதி இடங்களுக்குத் தேர்தல் கேட்பதற்காக பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் ஜான் கெர்ரைப் பார்க்கப் போனார். கெர் அவரிடம் பதவிநீக்கக் கடிதத்தை நீட்டினார். எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃப்ரேசர் அதே கட்டடத்தில் இன்னொரு அறையில் காத்திருந்தார், உடனே காபந்துப் பிரதமர் ஆனார். அன்று மதியம் மேலவை செலவு மசோதாக்களை நிறைவேற்றியது. தங்கள் தலைவர் பதவியில் இல்லை என்பதே விட்லம் கட்சி மேலவை உறுப்பினர்களுக்குத் தெரியாது! கீழவை ஃப்ரேசர் மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போட்டது. சபாநாயகர் அதை எடுத்துக்கொண்டு போவதற்குள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, ஆளுநரின் செயலர் வாசல் படிகளில் நின்று பிரகடனத்தைப் படித்துவிட்டார்.

ஏன் இவ்வளவு ரகசியம்? பிரதமர் நினைத்தால் தலைமை ஆளுநரை நீக்கும்படி அரசிக்கு ஆலோசனை சொல்லலாம். ஆளுநர் நினைத்தால் பிரதமரை நீக்கலாம். யார் முந்துகிறார்களோ அவருக்கு வெற்றி. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் நீக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு அவகாசம் எதுவும் வைக்காவிட்டால், உங்கள் சாசனம் ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். கதைக்கு அது வேண்டுமென்றால் தாராளமாக விடுங்கள். வேண்டாமென்றால், பதவிநீக்க அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் மூன்று நாளாவது வையுங்கள்.

தேர்தலில் ஃப்ரேசர்தான் பெரிய அளவில் ஜெயித்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. பிரிட்டனில் நாலாம் வில்லியம் 1834-ல் மெல்போர்ன் பிரபுவின் அரசை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருடமே அதே மெல்போர்ன் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு எந்தப் பிரிட்டிஷ் அரசரும் அந்த வேலைக்குப் போகவில்லை. டென்மார்க்கில் பத்தாம் கிறிஸ்டியன் 1920-ல் எல்லைப் பிரச்சினை ஒன்றில் பிரதமரை நீக்கினார். பொது வேலைநிறுத்தம் வரும் என்றதும் சில நாளில் இறங்கிவந்தார்.

படி 6: பணம்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், ஏனென்றால் விதி எளியது. அரண்மனைச் செலவை வருடாவருடம் யார் ஒதுக்குகிறார்களோ அவர்கள் கை ஓங்கும். மூன்றாம் ஜார்ஜ் 1760-ல் அரச நிலங்களின் வருமானத்தை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டு, பதிலுக்கு நிலையான மானியம் பெற்றுக்கொண்டார். அரசிக்குச் சொந்தமாகச் சுரங்கமோ தோட்டமோ இருந்தால் அவர் பேச்சு வேறு மாதிரி இருக்கும். லீக்டன்ஸ்டைன் இளவரசர் குடும்பத்துக்குச் சொந்த வங்கி இருக்கிறது என்பதையும், முன்பு சொன்ன மறுப்புரிமையையும் சேர்த்துப் பாருங்கள்.

மேலவை உள்ள ராஜ்ஜியம் என்றால் பணத்தில் அதற்குப் பங்கு உண்டா என்று முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் 1909-ல் பிரபுக்கள் சபை வரவு செலவுத் திட்டத்தையே நிராகரித்தது. சண்டை இரண்டு தேர்தல்கள்வரை போனது. தேவைப்பட்டால் புதுப் பிரபுக்களைக் கூட்டமாக நியமித்து அவையை நிரப்பிவிடுகிறேன் என்று ஐந்தாம் ஜார்ஜ் அரசுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் பிரபுக்கள் பணிந்தார்கள். 1911 சட்டம் பண மசோதாக்களில் அவர்களுக்கு ஒரு மாதத் தாமதத்தை மட்டும் விட்டுவைத்தது. இங்கே அரசர் நடுவராக இல்லை, தராசில் வைத்த எடைக்கல்லாக இருந்தார். பட்டம் கொடுக்கும் அதிகாரம் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

படி 7: படை யாருக்குச் சத்தியம் செய்கிறது?

1981 பிப்ரவரி 23 மாலை, ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்குள் ஆயுதமேந்திய காவல்படையினர் புகுந்தார்கள். அமைச்சரவை மொத்தமும் அவைக்குள்ளேயே பணயம். இணைக் கையொப்பமிட வெளியே பிரதமரும் இல்லை, அமைச்சரும் இல்லை. அரசர் ஹுவான் கார்லோஸ் தளபதிகளைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகப் பிடித்தார். நள்ளிரவு தாண்டி ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, சாசனத்தின் பக்கமே நிற்பதாகச் சொன்னார். சதி பிசுபிசுத்தது. சாசனப்படி அவர் படைகளின் தலைவர், அது வெறும் பட்டம்தான் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள். 1922 அக்டோபரில் முசோலினியின் ஆட்கள் ரோமை நோக்கி வந்தபோது, பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்ட ஆணையை மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் நீட்டினார். அரசர் கையெழுத்திடவில்லை. முசோலினியைப் பிரதமராக அழைத்தார். 1946-ல் மக்கள் வாக்கெடுப்பில் இத்தாலி முடியாட்சியையே கழற்றிவிட்டது. இரண்டு நாட்டிலும் அரசர் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றார். சாசனம் கதவைத் திறந்துவைக்கலாம், உள்ளே போவது ஆளைப் பொறுத்தது. அதனால் அரசியின் குணத்தையும் சாசனத்தையும் தனித்தனியாக எழுதாதீர்கள்.

மூன்றாவது ஆபத்து, படை யாருக்குமே கட்டுப்படாமல் போவது. ஜப்பானின் 1889 சாசனத்தில் படைத்தலைமை நேராகப் பேரரசரிடம் இருந்தது. 1900-ல் வந்த விதி, படை அமைச்சர்கள் பணியில் உள்ள தளபதிகளாகவே இருக்க வேண்டும் என்றது. 1912-ல் கூடுதல் படைப்பிரிவுகளுக்கு அமைச்சரவை பணம் தரவில்லை. தரைப்படை அமைச்சர் ராஜினாமா செய்தார், பதிலுக்கு ஆள் தரத் தரைப்படை மறுத்தது, அமைச்சரவை கவிழ்ந்தது. ஒரு சின்ன தகுதி விதி, ஓர் அரசையே சாய்த்துவிட்டது.

முதல் படியில் நம் வணிகர்கள் தளர்வாக விட்ட பிரிவு ஞாபகம் இருக்கிறதா? மலைப்பக்கத்துப் பிரபுக்களின் பிள்ளைகள்தான் தலைமுறை தலைமுறையாகப் படை அதிகாரிகள் என்று வையுங்கள். சத்தியப் பிரமாணம் "அரசிக்கு" என்று இருக்கிறதா, "அரசிக்கும் சாசனத்துக்கும்" என்று இருக்கிறதா? இந்த ஒரு வரியை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

படி 8: வருவதும் போவதும்

வாரிசு விதியை யார் மாற்றலாம் என்பதே இங்கே முக்கியம். ஸ்வீடனில் 1980-ல் அமலுக்கு வந்த திருத்தம், ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே பட்டம் என்றது. 1979-ல் பிறந்த கார்ல் ஃபிலிப்பிடமிருந்து பட்டம் அக்கா விக்டோரியாவுக்குப் போனது. அப்பாவான அரசருக்கு அதில் உடன்பாடில்லை, இருந்தும் நாடாளுமன்றம் நினைத்தது நடந்தது. பரம்பரை ஒன்றே வழி என்றும் இல்லை. மலேசியாவில் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்து வருடத்துக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்போடியாவில் அரச குடும்பத்திலிருந்து யார் என்பதை ஒரு மன்றம் முடிவு செய்கிறது.

போவதற்கும் வழி வேண்டும். பூட்டான் சாசனம் 65 வயதில் அரசர் ஓய்வுபெற வேண்டும் என்கிறது. சாசனத்தை வேண்டுமென்றே மீறினால் நாடாளுமன்றத்தின் முக்கால் பங்கு ஆதரவும் மக்கள் வாக்கெடுப்பும் சேர்ந்து அவரை இறக்கலாம். ஜப்பானில் அப்படி வழியே இல்லாததால் அகிஹிட்டோ 2019-ல் பதவி விலகுவதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. குழந்தை வாரிசு, கோமாவில் அரசர் என்ற இரண்டு நிலையிலும் அரசருக்குப் பதிலாக ஆள்பவர் யார் என்று எழுதிவிட்டு நகருங்கள்.

படி 9: எழுதாத விதிகள்

ஆங்கிலேயப் பத்திரிகையாளர் வால்டர் பேஜட் 1867-ல் அரசருக்கு மூன்று உரிமைகளைச் சொன்னார்: ஆலோசனை கேட்கப்படுவது, ஊக்கம் தருவது, எச்சரிப்பது. எந்தச் சட்டத்திலும் இல்லாத மூன்று. கேட்கச் சாதுவாக இருக்கும். ஆனால் முப்பது வருடமாக எல்லாக் கோப்பையும் படித்த ஓர் அரசி, போன மாதம் பதவிக்கு வந்த பிரதமரிடம் "உங்களுக்கு முன்னால் இருந்தவரும் இதைத்தான் செய்தார்" என்று மெதுவாகச் சொன்னால் அதன் கனமே வேறு. பிரிட்டனில் பிரதமரும் அரசரும் வாராவாரம் சந்திக்கிறார்கள், அங்கே யாரும் குறிப்பு எடுப்பதில்லை. நீங்கள் எழுதக் கூடிய மிகச் சிறந்த காட்சிகள் அந்த மாதிரி அறையில்தான் நடக்கும்.

அரண்மனைச் செயலருக்கும் ஒரு நல்ல பாத்திரம் கொடுங்கள். எந்தக் கோப்பு இன்று மேசைக்கு வரும், எது திங்கட்கிழமை வரும் என்பது அவர் கையில். பின்னணியில் நிற்கும் இந்த ஆள்தான் பல சாசனங்களை ஓட்டுகிறார்.

மரபுகளை வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரபை மீறினால் நீதிமன்றம் தண்டிக்காது, மற்றவர்களும் தங்கள் பக்கத்து மரபை மீற ஆரம்பிப்பார்கள். அரசி ஒரு தடவை பத்திரிகையில் அரசியல் பேசினால், பிரதமர் மறுநாள் அரசி அறையில் பேசியதைப் பத்திரிகையில் சொல்வார்.

படி 10: உடைத்துப் பாருங்கள்

எல்லாம் எழுதியாகிவிட்டதா? இப்போது நாலு விபத்துகளை ஓட்டிப் பாருங்கள். பதவியில் இருக்கும் பிரதமர் இரவில் இறந்துபோகிறார். நீதிமன்றம் அரசியின் ஆணை ஒன்றைச் செல்லாது என்கிறது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, தேர்தலுக்கு முன்பே எல்லையில் போர் ஆரம்பிக்கிறது. பட்டத்து இளவரசர் எதிர்க்கட்சித் தலைவரின் மகளைத் திருமணம் செய்ய நினைக்கிறார். ஒவ்வொன்றிலும் முதல் 48 மணி நேரத்தில் யார் யாருக்குத் தொலைபேசியோ தூதோ அனுப்புகிறார்கள், எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும் என்று எழுதுங்கள்.

கலைப்பு விபத்தில் பெரும்பாலானோர் சிக்குவார்கள். குவைத் சாசனத்தின் 107-வது பிரிவு, கலைத்தால் இரண்டு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும், நடத்தாவிட்டால் பழைய அவை தானாக உயிர்பெறும் என்கிறது. அங்கே அந்தப் பிரிவையே ஆட்சியாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நிறுத்திவைத்திருக்கிறார்கள், கடைசியாக 2024-ல். ஆகவே உங்கள் சாசனத்தில் எந்தப் பிரிவுகளை எந்த அவசரநிலையிலும் தொடக் கூடாது என்று ஒரு பட்டியல் வையுங்கள். அதை மீறினால் கதவைத் தட்டப்போவது யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: வணிகர்களா, மலைப்பக்கத்து அதிகாரிகளா, வேலைநிறுத்தம் செய்யும் துறைமுகத் தொழிலாளர்களா?